ஓவர்டிரைவ் உள்ள பழைய காருக்கு எந்த ஆக்சில் ரேஷியோ? முழுமையான வழிகாட்டி

பழைய காரில் ஓவர்டிரைவ் (டாப் கியருக்கும் மேலாக இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) பொருத்தி முடித்ததும் பலருடைய கண் அடுத்துப் போவது பின் ஆக்சில் பக்கம்தான். "இப்போது 100 கி.மீ. வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 2,800 சுற்று ஓடுகிறது. ஆக்சிலையும் மாற்றிவிட்டால் 2,200-க்கு இறங்கிவிடும்" என்று கணக்குப் போடுவார்கள். கணக்கில் தவறில்லை. ஆனால் அப்படி மாற்றிய கார்களில் பல ஓட்டுவதற்குச் சுகமில்லாமல் போய்விடுகின்றன.

நானும் அதே கணக்கைப் போட்டவன்தான். 1.8 லிட்டர் நான்கு சிலிண்டர் காரில் 3.909 ரேஷியோ ஆக்சிலைக் கழற்றிவிட்டு 3.07 போட்டேன் (எண்ணின் விளக்கம் கீழே வருகிறது). சமதரையில் இன்ஜின் சத்தமே இல்லாமல் ஓடியது. லேசான ஏற்றம் வந்தாலும் ஓவர்டிரைவை விட்டு டாப்புக்கு வர வேண்டியிருந்தது. கொஞ்சம் கூடுதலான ஏற்றம் என்றால் மூன்றாவது கியர். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதெல்லாம் கிளட்ச் கருகும் வாசம். எட்டு மாதத்தில் பழைய ஆக்சிலைத் திரும்பப் போட்டேன். இரண்டு முறை வேலை, இரண்டு முறை செலவு.

அதில் தெளிந்தது இதுதான்: ஆக்சிலை டைரக்ட் டாப் கியருக்காக, அதாவது ஓவர்டிரைவ் சேராத டாப்புக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஓவர்டிரைவுக்காக அல்ல. ஏற்றத்தில் ஏறவும் முந்திச் செல்லவும் டாப் கியர் கை கொடுக்க வேண்டும். நீண்ட சாலையில் இன்ஜினுக்கு ஓய்வு கொடுக்கும் வேலை ஓவர்டிரைவுடையது. இரண்டு வேலையையும் ஆக்சில் தலையில் கட்டக் கூடாது.

எண்ணைப் பற்றி முதலில்

ஆக்சில் ரேஷியோ என்பது, பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் பற்களை, அதைச் சுற்றும் சிறிய பல்சக்கரமான பினியனின் பற்களால் வகுத்தால் வரும் எண். 43 பல் கிரவுன் வீல், 11 பல் பினியன் என்றால் 3.909. சக்கரம் ஒரு முறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்கு வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் 3.909 முறை சுற்ற வேண்டும். சுத்தமாக 4 என்று வைக்காமல் இப்படிப் பின்னத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு. 43-க்கும் 11-க்கும் பொது வகுத்தி கிடையாது. அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுன் வீலின் எல்லாப் பற்களோடும் மாறி மாறிச் சேரும், தேய்மானம் ஒரே இடத்தில் விழாது.

எண் சிறிதாக ஆக, இன்ஜின் சுற்று குறையும், இழுவையும் குறையும். எண் பெரிதாக ஆக, இழுவை கூடும், இன்ஜினும் வேகமாகச் சுற்றும். ஓவர்டிரைவ் என்பது இதற்கு மேல் இன்னொரு பெருக்கல். 0.802 ஓவர்டிரைவ் என்றால், 3.909 ஆக்சில் அதில் 3.135 ஆகிவிடுகிறது.

கார் கம்பெனிகளே என்ன செய்தன?

வேறு எந்த வாதத்தையும் விட இது எனக்குப் பெரிய சான்றாகப் படுகிறது. ஆஸ்டின் ஹீலி 3000 காரில் ஓவர்டிரைவ் இல்லாவிட்டால் 3.545 ஆக்சில், ஓவர்டிரைவ் இருந்தால் 3.909. ஜாகுவார் மார்க் 2 காரில் முறையே 3.54, 3.77. வோல்வோ பி1800 காரில் 4.10, 4.56. 1955 முதல் 1957 வரை வந்த செவ்ரலே கார்களில் ஓவர்டிரைவ் கேட்டு வாங்கியவர்களுக்கு 4.11 ஆக்சில் வந்தது. ஓவர்டிரைவ் வந்ததும் இவர்கள் எல்லாரும் எண்ணைக் கூட்டியிருக்கிறார்கள், குறைக்கவில்லை.

ஹீலி கணக்கைப் பாருங்கள். 3.545-லிருந்து 3.909-க்குப் போனதால் டைரக்ட் டாப்பில் 10 சதவீதம் கூடுதல் இழுவை. அதே காரில் 0.82 ஓவர்டிரைவைப் போட்டால் மொத்த ரேஷியோ 3.21. ஓவர்டிரைவ் இல்லாத காரைவிட 9 சதவீதம் குறைந்த சுற்று. இழுவையும் கிடைத்தது, அமைதியும் கிடைத்தது.

எம்.ஜி.பி. காரில் ஓவர்டிரைவ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே 3.909தான். அதே உடம்பில் 3.5 லிட்டர் வி8 இன்ஜினை வைத்தபோதுதான் 3.07-க்குப் போனார்கள். அந்த வி8 இன்ஜினின் டார்க் (சுழற்று விசை), நான்கு சிலிண்டர் இன்ஜினைப் போல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. 3.07 அந்த டார்க்குக்காகத் தரப்பட்ட ஆக்சில். நான் அதை நான்கு சிலிண்டருக்குப் பின்னால் மாட்டியதுதான் என் தவறு.

படி 1: இப்போது என்ன ஆக்சில் இருக்கிறது?

முந்தைய உரிமையாளர் சொன்னதையோ புத்தகத்தில் இருப்பதையோ நம்ப வேண்டாம். ஐம்பது அறுபது வருடக் காரில் ஆக்சில் எத்தனை கை மாறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. டிஃபரன்ஷியல் (ஆக்சிலின் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டி) மேலே தகடோ பொறித்த எண்ணோ இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் எண்ணிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

சமதரையில் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரு சாக்பீஸ் கோடு, டயரில் ஒரு கோடு. இன்னொரு சக்கரம் தரையில் நிற்பதால், தூக்கிய சக்கரம் இரண்டு சுற்றினால்தான் கிரவுன் வீல் ஒரு சுற்று சுற்றும். ஆகவே சக்கரத்தை 20 முறை சுற்றி, ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணி, 10-ஆல் வகுங்கள். 39 சுற்று வந்தால் 3.9, 37 வந்தால் 3.7, 33 வந்தால் 3.3. இரண்டு சுற்றோடு நிறுத்திவிட்டால் 3.7-க்கும் 3.9-க்கும் வித்தியாசம் பிடிபடாது. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களும் தனித்தனியே சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் வகை) இருந்தால் இந்த முறை உதவாது. இரண்டு சக்கரங்களையும் தூக்கி, இரண்டையும் சேர்த்துச் சுற்றி எண்ண வேண்டும்.

படி 2: டயரை அளப்பது

டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவிலிருந்து கணக்கிடும் சுற்றளவு நிஜத்தைவிடக் கூடுதலாகவே வரும். பாரத்தில் டயர் கொஞ்சம் அமுங்கும். சரியான காற்றை நிரப்பி, ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார, டயரிலும் தரையிலும் கோடு போட்டு, காரை ஐந்து சுற்று நேராகத் தள்ளுங்கள். தூரத்தை 5-ஆல் வகுத்தால் உண்மையான உருளும் சுற்றளவு கிடைக்கும். கீழே வரும் கணக்குகளுக்கு 1.88 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறேன். 14 அங்குலச் சக்கரத்தில் 185/70 டயருக்கு ஏறத்தாழ இதுதான் வரும்.

படி 3: ஓவர்டிரைவின் எண்

எல்லா ஓவர்டிரைவும் ஒன்றல்ல. பிரிட்டிஷ் கார்களில் வந்த லேகாக் ஓவர்டிரைவின் டி வகையில் 0.802 பரவலானது, எல்எச் வகை 0.82, ஜே வகை 0.797. கியர் வெண்டர்ஸ் யூனிட் 0.778. பழைய அமெரிக்கக் கார்களின் போர்க் வார்னர் ஓவர்டிரைவ் 0.70. ஐந்து கியர் பெட்டிக்கு மாறியவர்களுக்கு ஐந்தாவது கியரே ஓவர்டிரைவ். ஃபோர்டு டைப் 9 பெட்டியில் அது 0.82. 700ஆர்4 ஆட்டோமேட்டிக்கில் 0.70.

0.82-க்கும் 0.70-க்கும் உள்ள தூரம் பெரியது. ஒருவர் "3.3 ஆக்சில் பிரமாதம்" என்றால் அவருடைய ஓவர்டிரைவ் எது, டயர் எது, இன்ஜின் எது என்று கேட்காமல் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். 0.82 யூனிட்டோடு சரியாக இருக்கும் ஆக்சில், 0.70 யூனிட்டோடு இன்ஜினைத் திணற வைத்துவிடும்.

படி 4: கணக்கு

1,000 சுற்றுக்கு எத்தனை கி.மீ. வேகம் என்பதுதான் நமக்கு வேண்டிய எண்.

வேகம் = டயர் சுற்றளவு (மீட்டரில்) × 60 ÷ (ஆக்சில் ரேஷியோ × கியர் ரேஷியோ)

டைரக்ட் டாப்பில் கியர் ரேஷியோ 1. ஓவர்டிரைவ் டாப்பில் ஓவர்டிரைவின் எண்ணைப் போடுங்கள். 3.909 ஆக்சிலுக்கு 112.8 ÷ 3.909 = 28.9 கி.மீ. அப்படியானால் 100 கி.மீ. வேகத்துக்கு 3,465 சுற்று. 0.802 ஓவர்டிரைவோடு, 100 கி.மீ. வேகத்தில் நான்கு ஆக்சில்கள் இப்படி வரும்:

3.909: டைரக்ட் டாப்பில் 3,465 சுற்று, ஓவர்டிரைவில் 2,780
3.7: டைரக்டில் 3,280, ஓவர்டிரைவில் 2,630
3.307: டைரக்டில் 2,930, ஓவர்டிரைவில் 2,350
3.07: டைரக்டில் 2,720, ஓவர்டிரைவில் 2,180

கடைசி வரியைக் கவனியுங்கள். 3.07 ஆக்சிலில் டைரக்ட் டாப்பே, 3.909 ஆக்சிலின் ஓவர்டிரைவுக்குச் சமமாகிவிட்டது. அதாவது டாப் கியர் என்று ஒன்று இல்லாமல் போய், இரண்டு ஓவர்டிரைவ் இருப்பது போல ஆகிவிடுகிறது. நான் அனுபவித்தது அதைத்தான்.

படி 5: இன்ஜின் என்ன சொல்கிறது?

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போகிறார்கள். இன்ஜினின் டார்க் எத்தனை சுற்றில் உச்சத்துக்கு வருகிறது என்று பாருங்கள். எம்.ஜி.பி.யின் 1.8 லிட்டர் இன்ஜினுக்கு அது 3,000 சுற்று. ஓவர்டிரைவில் 2,780 என்பது அதற்குச் சற்றுக் கீழே, நல்ல இடம். 2,180 என்பது வெகு கீழே. அங்கே ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் மாறுமே தவிர வேகம் ஏறாது. வேகத்துக்காக மாற்றிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டிருந்தால் டார்க் உச்சம் இன்னும் மேலே போயிருக்கும். அந்த இன்ஜினுக்குச் சின்ன எண் இன்னும் ஒத்துவராது.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதையும் மறக்கக் கூடாது. 100-லிருந்து 120 கி.மீ.க்குப் போனால் காற்றின் தடை 1.44 மடங்கு, அதை வெல்லத் தேவையான சக்தி 1.73 மடங்கு. பழைய கார்களின் நிமிர்ந்த கண்ணாடியும் திறந்த கூரையும் இதைக் குறைக்கப் போவதில்லை.

"குறைந்த சுற்றில் ஓடினால் இன்ஜின் நீடிக்கும்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. பிஸ்டனின் சராசரி வேகத்தைப் பார்க்கலாம்: ஸ்ட்ரோக்கை மீட்டரில் எழுதி, 2-ஆல் பெருக்கி, சுற்றால் பெருக்கி, 60-ஆல் வகுக்க வேண்டும். எம்.ஜி.பி.யின் ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. 3,465 சுற்றில் பிஸ்டன் வினாடிக்கு 10.3 மீட்டர், 2,780 சுற்றில் 8.2 மீட்டர். இது நல்ல ஆதாயம். ஓவர்டிரைவ் தந்த ஆதாயம். அதற்கும் கீழே இறங்கி, ஏற்றத்தில் முழு ஆக்சிலரேட்டரில் இன்ஜினைத் திணற விட்டால் பேரிங்குகளுக்கும் பிஸ்டனுக்கும் அது ஓய்வல்ல, பாரம். சுற்று குறைவதோடு பாரமும் குறைந்தால்தான் நன்மை.

அந்தக் காலத்துக் கம்பெனிகள் வைத்த அளவுகளையும் நான் ஓட்டிப் பார்த்த கார்களையும் வைத்து, ஓவர்டிரைவ் டாப்பில் 1,000 சுற்றுக்கு நான் எதிர்பார்ப்பது இது. ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரையுள்ள நான்கு சிலிண்டருக்கு 34 முதல் 38 கி.மீ. இரண்டரை முதல் நான்கு லிட்டர் வரையுள்ள ஆறு சிலிண்டருக்கு 40 முதல் 45. மூன்றரை லிட்டருக்கு மேற்பட்ட வி8 இன்ஜினுக்கு 45 முதல் 50. இந்த எல்லைக்கு மேலே போக வேண்டுமென்றால் உங்கள் இன்ஜின் ஏன் விதிவிலக்கு என்பதற்கு ஒரு காரணம் வேண்டும்.

படி 6: முதல் கியரும் ரிவர்ஸும்

ஆக்சிலை மாற்றினால் எல்லாக் கியரும் மாறும். ஓவர்டிரைவ் உதவுவது மேல் கியர்களில் மட்டும்தான். எல்லாக் கியரிலும் சிங்க்ரோ (கியர் மாற்றுவதை எளிதாக்கும் அமைப்பு) உள்ள எம்.ஜி.பி. பெட்டியில் முதல் கியர் 3.44. 3.909 ஆக்சிலோடு பெருக்கினால் 13.4. 3.307 ஆக்சிலில் அது 11.4, 3.07-இல் 10.6. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழுவை போய்விட்டது. ரிவர்ஸ் கியர் முதல் கியரைவிடவும் பலவீனமானது. சரிவில் காரைப் பின்னுக்கு ஏற்றி நிறுத்துபவர்கள் கிளட்சை நினைத்துப் பார்க்க வேண்டும். நெரிசலில் அடிக்கடி நின்று கிளம்பும் கார் என்றால், எனக்கு இந்த ஒரு காரணமே ஆக்சிலைத் தொடாமலிருக்கப் போதும்.

படி 7: செலவில்லாத சோதனை

பணத்தை எடுப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். 3.307-க்குப் போக ஆசை என்று வைத்துக்கொள்வோம். அதில் ஓவர்டிரைவில் 100 கி.மீ.க்கு 2,350 சுற்று. இப்போதுள்ள 3.909 ஆக்சிலில் அதே 2,350 சுற்று, ஓவர்டிரைவில் 85 கி.மீ. வேகத்தில் வருகிறது. வழக்கமாகப் போகும் நெடுஞ்சாலையில் 85-இல் ஓவர்டிரைவில் போய், லேசான ஏற்றங்களில் வேகம் நிற்கிறதா என்று பாருங்கள். இருவர் உட்கார்ந்து, சாமான்களோடு.

நிஜத்தில் நிலைமை இதைவிடக் கடினமாக இருக்கும். 85-இல் காற்றின் தடை 100-இல் உள்ளதில் முக்கால் பங்குகூட இல்லை. 3.307 ஆக்சிலில் சக்கரத்துக்கு அதே விசையைக் கொடுக்க இன்ஜின் 18 சதவீதம் கூடுதல் டார்க் தர வேண்டும். ஆகவே இந்தச் சோதனையில் தேறாத கார் 3.307-இல் நிச்சயம் தேறாது. இதில் ஆக்சிலரேட்டரில் மிதி பாக்கியிருக்கும்படி எளிதாகத் தேறினால் மட்டும் மேலே யோசியுங்கள்.

சற்று மாற்றம் போதும் என்றால் டயரை நினைத்துப் பாருங்கள். சுற்றளவு 5 சதவீதம் கூடினால் 3.909 ஆக்சில் 3.72 போல நடந்துகொள்ளும். ஃபெண்டரில் உரசாமலும் பாரத் தகுதி குறையாமலும் இருக்கும்வரை, புது டயர் வாங்கும் நேரத்தில் இது சும்மா கிடைக்கும் மாற்றம்.

படி 8: கியர்களுக்கு இடையே உள்ள படிகள்

ஓவர்டிரைவ் மூன்றாவது கியரிலும் வேலை செய்கிறதா? எம்.ஜி.பி.யில் 1977 மாடலிலிருந்து டாப்பில் மட்டும்தான். அதற்கு முன் மூன்றாவது கியரிலும் உண்டு. 0.802 ஓவர்டிரைவ் வந்த ஆரம்பகாலப் பெட்டியில் மூன்றாவது 1.37, ஓவர்டிரைவ் மூன்று 1.10, டாப் 1, ஓவர்டிரைவ் டாப் 0.802. ஓவர்டிரைவ் மூன்றும் டாப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தக் காரில் ஓவர்டிரைவ் டாப்பில் போகும்போது ஸ்விட்ச்சைத் தட்டி டைரக்ட் டாப்புக்கு வந்தாலே 25 சதவீதம் சுற்று ஏறி, முந்துவதற்கு வேண்டிய இழுவை கிடைத்துவிடும். டைரக்ட் டாப்பில் உயிர் இருக்கும்வரைதான் இந்தச் சுகம்.

படி 9: மாற்றுவது என்று முடிவானால்

கிரவுன் வீலும் பினியனும் ஜோடியாகச் சேர்த்துத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. ஒன்றின் கிரவுன் வீலையும் இன்னொன்றின் பினியனையும் சேர்க்கவே கூடாது. எண் பெரிய அளவில் மாறும்போது கேரியரும் (கிரவுன் வீலைத் தாங்கும் பகுதி) மாற வேண்டியிருக்கலாம். டானா 44 ஆக்சிலில் 3.73 வரை ஒரு கேரியர், 3.92-லிருந்து வேறு கேரியர். உங்கள் ஆக்சிலுக்கும் இப்படி ஓர் எல்லைக்கோடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பாகத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

பினியன் ஆழம், பேரிங் இறுக்கம், பற்களுக்கு இடையே விடும் பேக்லாஷ் இடைவெளி, பல்லில் வண்ணம் தடவிப் பார்க்கும் தொடு தடம் ஆகிய நான்கையும் பணிமனைக் கையேட்டில் உள்ள அளவுப்படி சரிசெய்யத் தெரிந்தவரிடம்தான் வேலையைக் கொடுக்க வேண்டும். தொடு தடத்தின் புகைப்படத்தைக் கேட்டு வாங்குங்கள். நல்ல வேலை செய்பவர் தயங்காமல் கொடுப்பார். உங்கள் காருக்கே வந்த வேறு ரேஷியோ ஆக்சில் முழுதாகக் கிடைத்தால், அதைச் சத்தமில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்து அப்படியே மாற்றுவது எனக்குப் பிடித்த வழி. ஊளையிடும் டிஃபரன்ஷியலோடு நீண்ட பயணம் போவது பெரிய துன்பம்.

ஆக்சிலுக்குக் கையேடு சொல்லும் ஹைபாய்டு ஆயிலை ஊற்றுங்கள். அதே ஆயிலை ஓவர்டிரைவிலும் ஊற்றிவிடாதீர்கள். லேகாக் ஓவர்டிரைவ் கியர்பாக்ஸோடு ஆயிலைப் பகிர்கிறது. அதன் கோன் கிளட்சுக்கு உராய்வு வேண்டும். எம்.ஜி.பி.யில் அங்கே போவது 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயில்.

படி 10: ஸ்பீடோமீட்டர்

ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸின் வால் பக்கத்திலிருந்து வருகிறது. ஓவர்டிரைவை இயக்குவது அதைப் பாதிக்காது, ஆக்சில் மாற்றம் பாதிக்கும். 3.909-லிருந்து 3.307-க்குப் போனால் ஷாஃப்ட் மெதுவாகச் சுற்றும். 100-இல் போகும்போது முள் 85-க்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் ஸ்பீடோமீட்டர் ஆபத்தானது. ஸ்மித்ஸ் மீட்டர்களின் முகப்பில் சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்பது அது. புதிய ஆக்சிலில் அளந்த தூரத்துக்குக் கேபிள் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணிக் கொடுத்தால், மீட்டர் பழுது பார்ப்பவர் அதற்கேற்பத் திருத்தித் தருவார். அது வரை ஜிபிஎஸ்ஸைப் பார்த்து ஓட்டுங்கள்.

புதிய பற்கள் என்றால் முதல் சில நூறு கி.மீ. மிதமாக ஓட்டி, நடுவில் நிறுத்தி ஆற விட்டு, அப்புறம் ஆயிலை மாற்றுங்கள். பிறகு படி 7-இல் போன அதே சாலையில், அதே பாரத்தோடு இன்னொரு முறை போய் வாருங்கள். திரும்பி வந்ததும் புதிய ரேஷியோவையும் பற்களின் எண்ணிக்கையையும் தேதியோடு காரின் கோப்பில் எழுதி வையுங்கள். ஆக்சில் உறையிலும் ஒரு சிறு தகட்டில் பொறித்து மாட்டிவிடுங்கள். உங்களுக்குப் பின் அந்தக் காரை வைத்திருப்பவர் சாக்பீஸோடு அடியில் படுத்து எண்ண வேண்டியிருக்காது.